ராஜகோபாலன் அழைக்கிறார்

"அப்பா... நீங்கதானே?"

மரகதவல்லி பட்டன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. அம்ருதாவின் எண்தான். குரலும் அவள் பெற்ற மகளின் குரல்தான். கேள்வி மட்டும் ஆள் மாறி வந்திருந்தது.

அப்பாவா?

பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் அந்த நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. மேசைமேல் இசைக்கவைப் பெட்டி திறந்து கிடந்தது. அந்தப் பட்டன் போனுக்கு அதுதான் வீடு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒலி பற்றிய சோதனை வருகிற வாரங்களில் மட்டும் அது இயற்பியல் டீச்சரான அவள் கைப்பைக்குக் குடிமாறும்.

வழக்கமாக நடப்பது வேறு. மகள் "ஹலோ" என்பாள். "யாருங்க?" என்பாள். இன்னொரு "ஹலோ". பிறகு வைத்துவிடுவாள். அந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு மரகதவல்லி நாள் முழுக்க யோசிப்பாள். சளி பிடித்திருக்கிறதா? சரியாகத் தூங்கவில்லையா? கட்டிக்கொண்டவனோடு சண்டையா? இன்று குரல் தெளிவாக இருந்ததே, நேற்று சினிமாவுக்குப் போனார்களோ?

அவளுக்கு அது போதும். போதும் என்று பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் பதிலுக்கு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச முடியாது.

போன வருஷம் தை மாதம், அப்பாவின் சம்மதமில்லாமல் மண்ணச்சநல்லூர் சிவசங்கரோடு சமயபுரத்தில் மாலை மாற்றிக்கொண்டு அம்ருதா திருவெறும்பூருக்குக் குடிபோன மறுநாள், ராஜகோபாலன் மனைவியைத் தாயார் சன்னதிக்கு அழைத்துப் போனார். "இனிமே அவளோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு இங்க சொல்லு" என்றார். கொதித்துக்கொண்டிருக்கிற மனுஷரோடு கோயிலில் வைத்து என்ன மல்லுக்கட்டுவது என்று மரகதவல்லி சொல்லிவிட்டாள். பத்து நாளில் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தாள். தணியவில்லை. சத்தியம் அவள் கழுத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஆனால், பேசமாட்டேன் என்றுதானே சொன்னாள்? கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. அந்தச் சின்னச் சந்து வழியாகத்தான் இத்தனை மாதங்களாக அவள் மகள் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"பேசுங்கோப்பா" என்றாள் அம்ருதா. கொஞ்சம் பொறுத்து அவளே சிரித்தாள். "பேசமாட்டேள். தெரியும். பரவாயில்லை, நான் பேசறேன். நீங்க கேளுங்கோ. வெச்சுடாதேங்கோ."

வைக்க மரகதவல்லிக்குக் கை வரவில்லை.

"மொதல்ல ரொம்ப பயந்துட்டேன்ப்பா. தெரியாத நம்பர். தினம் கூப்பிட்டு மூச்சு மட்டும் விட்டா யாருக்குத்தான் பயமா இருக்காது? எடுக்கலேன்னா திரும்பத் திரும்ப வரும். ப்ளாக் பண்ணிடுன்னார் சிவா. பண்ணினா வேற நம்பர்லேருந்து வருவான், அப்ப எந்த நம்பர்னே தெரியாதுன்னு நான்தான் விட்டுவெச்சேன். யாரோ பொறுக்கின்னுதான் நெனச்சோம். பஸ்ஸ்டாப்புல பின்னாடி யார் நின்னாலும் இவனா, இவனான்னு பார்ப்பேன். சிவா ஷிப்ட் மாத்திண்டு என்னை ஆபீஸ்ல கொண்டுவிட்டார். அவருக்கு நைட் ஷிப்ட்னா வீடு முழுக்க லைட்டைப் போட்டுண்டு உக்காந்திருப்பேன்."

மரகதவல்லி பின்னால் கையை நீட்டி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

"நேத்துதான் நம்பருக்கு மேல பேர் வந்துது. உங்க பேர். ராஜகோபாலன்னு. எனக்கு ஹலோகூடச் சொல்ல வரலை. அப்படியே கட் பண்ணிட்டு அழுதேன். இத்தனை நாளா அப்பாவுக்கா பயந்தேன்னு சிவா என்னைக் கேலி பண்ணிண்டே இருக்கார்."

நேற்று ஒரு ஹலோகூட வரவில்லையே என்று மரகதவல்லி கவலைப்பட்டிருந்தாள். காரணம் இதுவா?

"அம்மாவுக்கு இது தெரியாதுதானே? சொல்லவேண்டாம். அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ப்பா. அம்மாதான் மொதல்ல உருகுவான்னு காத்துண்டே இருந்தேன். கடைசில நீங்கதான் உருகினேள். அம்மா கல்லாட்டம் இருந்துட்டா."

ஆய்வகத்தின் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரகதவல்லி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சாயந்தரம் ஆத்துக்கு வரேன்ப்பா. சிவாவும் வரார். ரெண்டு பேரும் பெர்மிஷன் போட்டாச்சு. வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா, வான்னு சொல்றதா எடுத்துக்கறேன்."

வேண்டாம்டி. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்து, அங்கேயே நின்றது. தாயார் சன்னதியின் குளிர்ந்த தரை உள்ளங்காலில் உறைக்கிற மாதிரி இருந்தது.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் அம்ருதா. குரல் உடைந்தது. வைத்துவிட்டாள்.

மரகதவல்லி அவசரமாக மறுபடி எண்ணை அழுத்தப் போனாள். பாதியில் நிறுத்தினாள். அழைத்து என்ன செய்வது? இன்னொரு முறை மூச்சு விட்டால் இன்னொரு முறை சம்மதம் சொன்ன மாதிரி ஆகும்.

போனில் எப்படி அவர் பேர் வந்தது என்பது அவளுக்குப் புரியவேயில்லை.

*

மத்தியான இன்டர்வெல்லில் ஸ்டாஃப் ரூமில் மஜீதா டீச்சர் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். மரகதவல்லியோடு பல வருஷமாக ஒரே மேசையைப் பங்குபோட்டுக்கொள்கிறவள்.

"இப்ப ஆப் எதுவும் வேணாமாம்ல, போன் கம்பெனியே பேரைக் காட்டுதுல்ல. நேத்து ராத்திரி என் போனுக்குப் புது நம்பர்லேருந்து ஒரு கால். பார்த்தா எங்க வீட்டுக்காரர் பேரு! அவரு என் பக்கத்துல உக்காந்து தோசை தின்னுக்கிட்டிருக்காரு. எனக்கு எப்படி இருக்கும்? யாருய்யா அது, உங்களுக்கு ரெண்டாவது நம்பரு, யாருக்கு வாங்கிக் குடுத்தீங்கன்னு பிடிச்சேன் பாருங்க."

"அப்புறம்?" என்றார் பி.டி. சார் சரவணன்.

"அப்புறம் என்ன, எடுத்தா எங்க மாமியா. புதுக்கோட்டைலேருந்து. பழைய போன் தண்ணில விழுந்துருச்சாம், மகன் எப்பவோ வாங்கிக் குடுத்த சிம்மை எடுத்துப் போட்டிருக்காங்க. வாங்கினது இவரு பேர்ல. சிம்மு யாரு பேர்ல வாங்கினோமோ அந்தப் பேருதானே வரும்? பேசுறது யாருன்னு அதுக்கென்ன தெரியும்?"

சிரிப்பு எழுந்தது. மரகதவல்லியின் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து விடைத்தாள் கட்டின்மேல் கொட்டியது.

"ஆனா நல்ல ஏற்பாடு மிஸ்" என்றார் சரவணன். "பேரைச் சொல்லப் பயப்படுறவன் எதுக்கு அடுத்தவனுக்குப் போன் பண்றான்?"

"அது சரி. நான் ஒரு ஆட்டோவுக்குப் போன் பண்ணினா என் முழுப் பேரும் அந்த ஆளுக்குத் தெரியணுமா சார்? கூப்பிடுறவங்களுக்கும் ஒரு மறைவு வேணாமா?"

"மறைஞ்சு நின்னு கூப்பிட்டா எடுக்கிறவங்க கதி?"

பதில் சொல்ல வாய் திறந்த மஜீதா, பக்கத்தில் பார்த்துவிட்டு நிறுத்தினாள். மரகதவல்லி கொட்டிய டீயைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சிம். வீட்டில் எல்லா சிம்மும் அவர் பேரில்தான். கேஸ் கனெக்‌ஷன் மாதிரி, கரன்ட் கார்டு மாதிரி. இதுவும் அப்படித்தான். அவர் புது இணைப்பு வாங்கியபோது தெருவோரம் குடை விரித்து சிம் விற்கிற கடையில், "சார், உங்க பேர்லயே இன்னொண்ணு, ஃப்ரீ" என்று தள்ளிவிட்ட சிம். அவர் அதை பீரோவில் போட்டார், மறந்தார். அவள் எடுத்தாள். தன் சொந்தப் பேர் வெளியே வராது என்று நிம்மதியாக இருந்தாள். வரவும் இல்லை. அவர் பேர் வந்துவிட்டது.

மணி அடித்து மற்றவர்கள் போன பிறகு மஜீதா கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்க டீச்சர்."

சொன்னாள். ஒன்றும் விடாமல்.

மஜீதா கடைசி வரை கேட்டாள். பிறகு, "ஒரு மெசேஜ் தட்டிவிடுங்க. வராதே, கூப்பிட்டது நான்னு" என்றாள்.

"எழுதினாலும் பேச்சுதானே மஜீதா?"

"அப்ப மூச்சு விட்டா மட்டும் பேச்சில்லையா? அந்தப் புள்ள அதைக் கேட்டு நடுங்கியிருக்கு. இன்னிக்கு அதையே கேட்டு சந்தோஷப்படுது. நீங்க தினம் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க டீச்சர். என்ன பேசுறோம்னுதான் உங்களுக்குத் தெரியல."

மரகதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். மஜீதாவுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, நம்பரைச் சொல்லுங்க. நானே சொல்றேன். என்கிட்ட படிச்ச புள்ளதானே" என்று தன் போனை எடுத்தாள்.

ஸ்பீக்கரில் அம்ருதாவின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"மஜீதா மிஸ்! உங்களுக்கு எப்படி மிஸ் தெரிஞ்சுது? இன்னிக்கு எங்காத்துக்குப் போறேன். அப்பா கூப்பிட்டுட்டார்!"

"அப்பாவா... அவர்தானாம்மா? நல்லாத் தெரியுமா?"

"பேர் வருதே மிஸ். யாரோ ஆப்ல சேவ் பண்ணி வெச்ச பேர் இல்லை. கம்பெனி குடுக்கற பேர். எப்படிப் பொய்யாகும்? அப்பாவுக்குப் பிடிச்ச பச்சை வாழைப்பழம் வாங்கணும், காந்தி மார்க்கெட் போயிண்டிருக்கோம். மிஸ், அம்மா அங்க இருந்தா சொல்லிடாதேங்கோ. அம்மா தடுத்துடுவா."

மஜீதா மரகதவல்லியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சந்தோஷம்மா. பத்திரமா போயிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்னால முடியல டீச்சர். ரிசல்ட் வந்த புள்ள மாதிரி பேசுறா. இது பெத்தவங்க சொல்லவேண்டியது. அவகிட்ட சொல்ல முடியாதுன்னா சார்கிட்ட சொல்லுங்க. அவ படியேறதுக்கு முன்னாடி சொல்லுங்க. இப்பவே கிளம்புங்க, உங்க பீரியடை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

*

ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நகர்ந்து, காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மரகதவல்லி ஆற்றைப் பார்க்கவில்லை. முன் சீட்டில் ஒரு பெண்ணின் போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்தாள், உதட்டைச் சுழித்தாள், எடுக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மரகதவல்லிக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மழைக்காலம். "யாருங்க... யாருங்க நீங்க... ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று அம்ருதாவின் குரல் கரகரத்தது. ஜலதோஷம் என்று நினைத்தாள். அன்று முழுக்க, பக்கத்தில் இருந்தால் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கலாமே என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அது ஜலதோஷமில்லை.

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டாவது மாடி. மேலே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கியது.

ராஜகோபாலன் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலையில் கோயிலில் பிரபந்தம் பாடுகிற கோஷ்டிக்குப் போனபோது இட்டுக்கொண்ட திருமண் இன்னும் நெற்றியில் பளிச்சென்று இருந்தது. பேங்க்கில் வேலை பார்த்த நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் நேர்க்கோட்டில் இருக்கவேண்டும்.

"என்ன, இவ்ளோ சீக்கிரம்? தலைவலியா?"

"இல்லைன்னா. ஒண்ணு சொல்லணும்."

"மூச்சு வாங்கறது. தீர்த்தம் குடிச்சுட்டு வந்து சொல்லு."

"இப்பவே சொல்லணும். பீரோல ஒரு சிம் இருந்ததே, உங்க பேர்ல?"

"அந்த ஃப்ரீ சிம்மா? எங்க அது? தேடினேன், காணுமே."

"என்கிட்ட இருக்கு. அதுலேருந்து தினம் அம்ருவைக் கூப்பிடறேன்."

பேப்பர் மெதுவாக மடியில் இறங்கியது.

"பேசினியா?"

"ஒரு வார்த்தை பேசலை. அவ ஹலோன்னு சொல்றதைக் கேட்டுட்டு வெச்சுடுவேன்."

"அப்ப சத்தியத்தை மீறலை." அவர் குரலில் ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட நிம்மதி. "அசட்டுத்தனம்தான். ஆனா மீறலை."

"மீதியைக் கேளுங்கோ. இப்ப புதுசா பேர் வர்றதாம். அவ போன்ல உங்க பேர் வந்திருக்கு. தினம் கூப்பிடறது நீங்கதான்னு நெனச்சுண்டிருக்கா."

ராஜகோபாலன் எதிர் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியையே பார்த்தார்.

"நானா?"

"ஆமா."

"நான் கூப்பிடறேன்னு... என்ன சொன்னா?"

"அப்பா, நீங்கதானேன்னா."

"அவ்ளோதானா?"

"நீங்கதான் உருகினேள்னா. நான் கல்லாட்டம் இருந்துட்டேன்னா."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மரகதவல்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அதில் ஏதோ இளகியது. பிறகு நேர்க்கோடு திரும்பி வந்துவிட்டது.

"நான் உருகலையே மரகதம்."

"சாயந்தரம் வரா. ரெண்டு பேரும் வரா."

"வரட்டும். நான் கூப்பிடலைன்னு சொல்லி அனுப்பிடறேன். உள்ளதைச் சொல்றதுக்கு என்ன?"

"அதை உங்க வாயால கேட்டா அவ ஒடைஞ்சுடுவான்னா. இன்னிக்குப் பூரா பறந்துண்டிருக்கா. உங்களுக்குப் பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கா."

"அதுக்கு நான் என்ன பண்ணணுங்கறே?"

"ஆமான்னு சொல்லிடுங்கோ. கூப்பிட்டேன்னு. ஒரு வார்த்தை. அது போறும் அவளுக்கு."

"காலம்பர பிரபந்தம் சேவிச்ச வாயால பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நான் சொல்லட்டுமா?"

"நீ எப்படிச் சொல்லுவே? தாயாருக்கு முன்னால என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கோன்னோ?" அவர் எழுந்து பேப்பரை நாலாக மடித்து அதன் இடத்தில் வைத்தார். "நீ பேசக்கூடாது. நான் பேசினா உண்மைதான் பேசுவேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மரகதவல்லி தளிகையறைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். எத்தனை பேருக்கு என்று தெரியாமல் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

வாசல் மணி அடித்தது.

ராஜகோபாலன்தான் போய்க் கதவைத் திறந்தார்.

அம்ருதா நின்றாள். இளைத்திருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தாள். சிவசங்கர் நாலு படி கீழேயே நின்றுவிட்டான். கையில் பழப்பை. மேலே வரலாம் என்று யாராவது சொல்லட்டும் என்கிற மாதிரி நின்றான்.

"அப்பா" என்றாள் அம்ருதா. அவள் கண் முழுக்க அவர்மேல்தான் இருந்தது. பின்னால் ஈரக் கையோடு ஓடிவந்த அம்மாவை அது தொட்டுவிட்டு உடனே திரும்பிக்கொண்டது. "வந்துட்டேன்ப்பா."

ராஜகோபாலன் தொண்டையைச் செருமினார். "அம்ருதா, நான் உன்னை..."

"அவர் இல்லைடி. நான்தான்."

தன் குரல்தானா என்று மரகதவல்லிக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சத்தமாக வந்தது. ராஜகோபாலன் திரும்பினார். சொல்லவந்தது அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

"என்னது?" என்றாள் அம்ருதா.

"தினம் கூப்பிட்டது நான்தான். அந்த சிம் அப்பா பேர்ல இருக்கு, அதான் அவர் பேர் வந்தது. அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். உன்னோட பேசமாட்டேன்னு தாயார் சன்னதில சத்தியம் பண்ணியிருந்தேன். அதான் பேசலை. உன் குரலைக் கேட்டா போறும்னு இருந்துட்டேன். நீ பயப்படுவேன்னு எனக்குத் தோணவே இல்லைடி."

அம்ருதாவின் முகத்தில் இருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகுதான் போயிற்று.

"அப்பா... அப்ப நீங்க ஒரு தடவைகூட...?"

உண்மைதான் பேசுவேன் என்றவர் பேசவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்ருதா மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நாள் நான் போன்ல அழுதேனே. யாருங்க, யாருங்கன்னு. அன்னிக்கு அந்தப் பக்கம் நீயா இருந்தே?"

"நான்தான்."

"கேட்டுண்டு இருந்தியா?"

"ஜலதோஷம்னு நெனச்சேன்."

அம்ருதா ஏதோ சொல்லப்போனாள். உதடு கோணியது. "வாங்க சிவா, போலாம்" என்று திரும்பிவிட்டாள்.

"அம்ரு, ஒரு நிமிஷம் இரு. உள்ள போய்ப் பேசிக்கலாம். அத்தை, நீங்க சொல்லுங்க..." சிவசங்கர் தடுமாறினான்.

"போலாம்னு சொன்னேன்." படிகளில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. சிவசங்கர் பழப்பையைக் கீழே வைப்பதா, கொண்டுபோவதா என்று தெரியாமல் அதோடே பின்னால் ஓடினான்.

"மரகதம்" என்றார் ராஜகோபாலன். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நம்ப முடியாமல் கேட்கிற குரல். "சத்தியத்தை முறிச்சுட்டே."

"முறிச்சுட்டேன்."

"அதுக்கு என்ன பிராயச்சித்தம்னு தெரியுமா?"

"தெரியாது. நீங்க யார்கிட்டயாவது கேட்டு வைங்கோ. வந்து பண்றேன்."

அவள் செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் அகப்பட்டது. இன்னொன்றை அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறே?"

"அவளோட பேச."

அவர் காலை எடுக்கவில்லை. கையில் எடுத்த செருப்பையும் அங்கேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கினாள்.

"அம்ரு! நில்லுடி. மெதுவா இறங்கு, விழுந்துடாதே. ஏன்டி இப்படி இளைச்சிருக்கே? சாப்பிடறியா இல்லையா? மத்தியானம் என்ன சாப்ட்டே?"

இத்தனை மாதங்களாகச் சேர்ந்துபோனதெல்லாம் ஒழுங்கில்லாமல் கொட்டியது. எதைக் கேட்கவேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டாள். முதல் மாடியில் அழகிரி மாமா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். அவரைத் தாண்டிப் போனாள்.

கீழே பைக் நிறுத்துகிற இடத்தில் அம்ருதா ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. மரகதவல்லி கிட்டே போனாள். தொடக் கையை நீட்டினாள். தொடவில்லை.

"திட்டுடி. கல்லுன்னு சொன்னியே, அதைவிடப் பெரிசா ஏதாவது சொல்லு. நான் பண்ணினது தப்பு. நீ பயந்துண்டு லைட்டைப் போட்டுண்டு உக்காந்திருந்தே. நான் இங்க சந்தோஷமா இருந்தேன். அதுக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அம்ருதா திரும்பவில்லை. ஆனால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

சிவசங்கர் தயங்கித் தயங்கி, "அத்தை, கால்ல செருப்பில்லையே. உங்களுக்கு ஒரு ஆட்டோ சொல்லவா? எங்க வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல..." என்று இழுத்தான். இழுத்துக்கொண்டே மாடியைப் பார்த்தான்.

அப்போதுதான் மரகதவல்லிக்கும் உறைத்தது. இவ்வளவு நேரமாகியும் மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. அவர் எதையும் திறந்து போடுகிறவர் இல்லை.

சுவரைப் பார்த்து நின்ற அம்ருதாவும் தலையை நிமிர்த்தினாள். மூன்று பேரும் படிக்கட்டின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.